புது கார் எடுக்கலாமா, பொறுக்கலாமா? குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்த்தாண்டம் பக்கம் கல்யாண வீடானாலும் சரி, ஆலயத் திருவிழாவானாலும் சரி, கோயில் கொடையானாலும் சரி, பந்தியில் உட்கார்ந்ததும் யாராவது என் பக்கம் சாய்ந்து "மக்கா, புதுசா என்ன வண்டி வருது?" என்று கேட்டுவிடுவார்கள். கார் செய்தி படிப்பது எனக்குப் பழக்கமாகிப்போனது ஊருக்கே தெரியும். பாயசம் ஆறுவதற்குள் பதில் சொல்லி முடிக்க முடிவதில்லை என்பதால் எழுதியே வைத்துவிட்டேன். இதில் வரும் விலை எல்லாம் அறிமுகத்தின்போது சொல்லப்பட்ட எக்ஸ்-ஷோரூம் விலை, அதாவது சாலை வரியும் காப்பீடும் சேராதது. நிலவரம் 2026 தொடக்கத்தில் இருந்தது.

ஜிஎஸ்டி குறைந்ததில் நமக்கு நிஜமாகவே எவ்வளவு மிச்சம்?

2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு வரி 18 சதவீதம். முன்பு 28 சதவீதத்தோடு செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்ந்து 29 அல்லது 31 வரை போகும். சின்ன கார் என்றால் நீளம் 4 மீட்டரைத் தாண்டக் கூடாது. பெட்ரோல் என்ஜின் 1200 சிசிக்கு மேல் போகக் கூடாது, டீசல் என்றால் 1500 சிசி. இந்த அளவைத் தாண்டினால் 40 சதவீதம், செஸ் கிடையாது. பெரிய எஸ்யூவிகள் முன்பு 50 சதவீதம் வரை கட்டியதால் அவர்களுக்கும் லாபம்தான். மின்சாரக் காருக்கு அன்றும் 5, இன்றும் 5.

இது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. தமிழ்நாட்டில் இதற்குள் இன்னொரு கணக்கு ஒளிந்திருக்கிறது. நம் சாலை வரி 5 லட்சம் வரை 12, அதிலிருந்து 10 லட்சம் வரை 13, அடுத்து 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். 10 லட்சத்தை ஆயிரம் ரூபாய் தாண்டினாலும் மொத்த விலைக்கும் 18 சதவீதம் விழும். 9.90 லட்சம் வண்டிக்கு வரி 1,28,700. 10.10 லட்சம் வண்டிக்கு 1,81,800. இருபதாயிரம் ரூபாய் கூடுதலான வண்டிக்கு ஐம்பத்து மூவாயிரம் கூடுதல் வரி!

இப்போது பாருங்கள். 29 சதவீதம் ஜிஎஸ்டி இருந்தபோது 10.60 லட்சம் விற்ற வண்டி, குறைப்பு முழுதாக வந்து சேர்ந்தால் 9.70 லட்சத்துக்கு இறங்கும். சாலை வரியும் 18-லிருந்து 13-க்கு இறங்கும். இரண்டும் சேர்ந்தால் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் மிச்சம். அதனால் ஷோரூமில் "இன்னும் முப்பதாயிரம் போட்டால் சன்ரூஃப் வரும்" என்று ஆசை காட்டினால், அந்த வேரியன்ட் 10 லட்சக் கோட்டைத் தாண்டுகிறதா என்று முதலில் பாருங்கள். தாண்டினால் சன்ரூஃபுக்கு நீங்கள் கொடுப்பது முப்பதாயிரம் அல்ல, எண்பதாயிரம். நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் அது எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

2025 ஆகஸ்டில் எடுத்துவிட்டேன். ஏமாந்துவிட்டேனா?

ஆமாம், கொஞ்சம். புது வண்டி விலை இறங்கியதும் பழைய வண்டி விலையும் கூடவே இறங்கிவிட்டது. இனி அதை நினைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை, நன்றாக ஓட்டுங்கள்.

சியரா வந்துவிட்டது, டஸ்டர் வருகிறது. பொறுக்கலாமா?

டாடா சியரா 2025 நவம்பர் 25-ல் 11.49 லட்சம் ஆரம்ப விலையோடு அறிமுகமானது. 1991-ல் வந்த பழைய சியராவின் பின்பக்க வளைந்த கண்ணாடி நினைவிருப்பவர்களுக்கு மனசு இளகத்தான் செய்யும். எனக்கும் இளகியது. பெட்ரோல், டர்போ பெட்ரோல், டீசல் என மூன்று என்ஜின்கள், மூன்றுமே 1.5 லிட்டர். கியாவின் புது செல்டோஸ் 2026 ஜனவரியில் வந்தது, 10.99 லட்சத்தில் தொடக்கம். ரெனோ டஸ்டரின் புது உருவம் ஜனவரி 26-ல் மேடையேறியது, தயாரிப்பு நம் ஒரகடம் ஆலையில். மாருதி விக்டோரிஸ் 2025 செப்டம்பரில் 10.50 லட்சத்தில் வந்தது. அதன் சிஎன்ஜி வகையில் சிலிண்டர் வண்டிக்கு அடியில் போய்விட்டதால் டிக்கி காலியாகக் கிடைக்கிறது. இது நல்ல வேலை.

ஆனால் இவை எதற்கும் புக் செய்யுமுன் உங்கள் வீட்டுக் கேட்டை அளந்துவிட்டு வாருங்கள். சியராவின் அகலம் 1841 மில்லிமீட்டர், இதில் பக்கவாட்டுக் கண்ணாடி சேராது. ஸ்விஃப்ட் 1735. நாகர்கோவில் புது லேஅவுட்டில் இந்த நாலு அங்குலம் ஒரு பொருட்டே இல்லை. அருமனை, மேல்புறம் பக்கம் ரப்பர் விளைக்கு நடுவே, இரு பக்கமும் கல் மதில் கட்டிய இடவழியில் போய் வீட்டுக்குத் திரும்புகிறவருக்கு அதுதான் தினசரி வேதனை. எதிரே ஒரு ஆட்டோ வந்தால் யார் பின்னால் எடுப்பது என்பதே தனிப் பஞ்சாயத்து. என் சித்தி மகன் பெரிய எஸ்யூவி ஒன்று எடுத்தான். மூன்றாவது மாதம் இடப்பக்கக் கதவில் மதில் கோடு போட்டது. இப்போது அந்த வண்டி ரோட்டோரத்தில் பெரியப்பா வீட்டு முற்றத்தில் நிற்கிறது, அவன் பைக்கில் போய் அதை எடுத்துவருகிறான்.

பொறுப்பதா என்றால், கையில் ஓடுகிற வண்டி இருந்தால் ஆறு மாதம் பொறுங்கள். எந்த நிறுவனமானாலும் முதல் சில மாத வண்டிகளில் மென்பொருள் கோளாறும் சில்லறைத் தகராறும் வரத்தான் செய்கின்றன. வண்டியே இல்லாதவர் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த வருஷமும் யாராவது ஏதாவது அறிமுகப்படுத்திக்கொண்டுதான் இருப்பார்கள்.

தூத்துக்குடியில் கார் தயாரிக்கிறார்களே, நமக்கு விலை குறையுமா?

வியட்நாமின் வின்ஃபாஸ்ட் ஆலையைச் சொல்கிறீர்கள். 2024 பிப்ரவரியில் அடிக்கல், 2025 ஆகஸ்ட் 4-ல் அன்றைய முதல்வர் ஸ்டாலின் திறந்துவைத்தார். ஏறக்குறைய 400 ஏக்கர், தொடக்கத்தில் ஆண்டுக்கு 50,000 வண்டி தயாரிக்கும் திறன். விஎஃப் 6, விஎஃப் 7 இரண்டும் 2025 செப்டம்பர் 6-ல் 16.49 லட்சம், 20.89 லட்சம் என்று வந்தன. இரண்டும் மின்சாரம்.

விலை குறையாது. உப்பளத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் நமக்கு உப்பு சும்மா கிடைக்கிறதா? நாகர்கோவிலிலிருந்து சுமார் 130 கிலோமீட்டரில் ஆலை இருப்பதன் பயன் வேறு. நம் பாலிடெக்னிக், ஐடிஐ பிள்ளைகளுக்குச் சென்னைக்குப் போகாமலே வேலைக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. வண்டி வாங்குகிறவர் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: சர்வீஸ் சென்டர் உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? இது புதிதாக வரும் எல்லா நிறுவனத்துக்கும் பொருந்தும்.

மின்சாரக் கார் நம் மாவட்டத்துக்குச் சரிப்படுமா?

பெருநகரத்தை விட நமக்குத்தான் சரிப்படும் என்பது என் எண்ணம். இங்கே பெரும்பாலும் தனி வீடு, கார் ஷெட் சொந்தம். அடுக்குமாடியில் சங்கத்திடம் கெஞ்சி பிளக் பாயின்ட் வாங்கும் தொல்லை இல்லை. மாவட்டத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நூறு கிலோமீட்டர்கூட இல்லை. திருவனந்தபுரம் மருத்துவமனைக்குப் போய்த் திரும்பினாலும் நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 140 கிலோமீட்டரில் முடிந்துவிடும்.

நிறுவனம் சொல்லும் தூரத்தில் முக்கால் பங்கை நம்புங்கள். கிரெட்டா எலக்ட்ரிக்கின் பெரிய பேட்டரிக்கு 2025-ல் அறிமுகத்தின்போது 473 கிலோமீட்டர் என்றார்கள், கையில் 350 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் வேளாங்கண்ணி. நம் பக்கத்தில் கார் எடுக்கும் பாதிப் பேர் முதலில் கேட்பதே "ஒரே சார்ஜில் வேளாங்கண்ணி போகுமா?" என்றுதான். நானூறு கிலோமீட்டருக்கு மேல், போகாது. வழியில் ஒரு முறை, மனநிம்மதிக்கு இரண்டு முறை சார்ஜ் போட வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் எந்தெந்த சார்ஜர் வேலை செய்கிறது என்று கிளம்பும் அன்று காலையில் ஆப்பில் பார்த்துவிடுங்கள்.

வீட்டில் சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு மூன்று யூனிட் சொச்சம் ஏறும். 45 யூனிட் பேட்டரி காலியிலிருந்து நிரம்ப ஒரு ராத்திரிக்கு மேல் ஆகும், ஆனால் தினமும் காலியாக்கப் போவதில்லையே. 7.2 கிலோவாட் சார்ஜர் மாட்டினால் ஆறேழு மணி நேரம் போதும். அதற்கு மின்வாரியத்தில் லோடு கூட்டி எழுதிக்கொடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் மாட்டிவிட்டு, மழைக்காலத்தில் ஃபியூஸ் போகிறது என்று புலம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பில்லையும் யோசியுங்கள். தினம் 40 கிலோமீட்டர், ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்றால் இரண்டு மாதத்துக்குக் கிட்டத்தட்ட 350 யூனிட். ஏற்கெனவே 300 யூனிட் ஓடுகிற வீடு 500-ஐத் தாண்டி மேல் விகிதத்துக்குப் போய்விடும். அப்படியும் பெட்ரோலோடு ஒப்பிட்டால் மலிவுதான்.

பெரிய லாபம் சாலை வரியில். தமிழ்நாட்டில் மின்சாரக் காருக்கு வரி இல்லை. 2025 இறுதியோடு முடிய வேண்டிய விலக்கை 2027 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். 18 லட்சம் பெட்ரோல் வண்டிக்கு 3.24 லட்சம் வரி கட்டும் இடத்தில் இதற்குச் சுழியம்.

காந்தத் தட்டுப்பாடு என்று செய்தி வந்ததே, அதற்கும் நம் ஊருக்கும் என்ன தொடர்பு?

இந்தக் கேள்வியை யாரும் அதிகம் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை, அதனால் நானே சேர்த்துக்கொண்டேன்.

பெரும்பாலான மின்சாரக் கார்களின் மோட்டாருக்குள் நியோடைமியம் என்ற உலோகம் கலந்த வலுவான காந்தம் இருக்கிறது. பெட்ரோல் காரில்கூட பவர் ஸ்டியரிங் மோட்டார் மாதிரியான இடங்களில் உண்டு. உலகத்துக்கு இந்தக் காந்தத்தில் பெரும்பங்கு சீனாவிலிருந்து வருகிறது. 2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதிக்குக் கடிவாளம் போட்டதும் இங்கே பல நிறுவனங்கள் தயாரிப்புத் திட்டத்தை மாற்ற வேண்டியதாயிற்று. "உங்கள் கலர் வர இன்னும் ரெண்டு மாசம் ஆகும்" என்று ஷோரூமில் கேட்ட சிலருக்கு அதன் வேர் அங்கே இருந்திருக்கலாம்.

அந்த நியோடைமியம் மோனசைட் மணலில் இருக்கிறது. மோனசைட் எங்கே இருக்கிறது? நம் மாவட்டத்து மணவாளக்குறிச்சியில். திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் 1909-ல் ஒரு ஜெர்மானிய வேதியியலாளர் அதைக் கண்டுபிடித்த கதை நம் பக்கம் பலருக்குத் தெரியும். இன்றும் மத்திய அரசின் ஐஆர்இஎல் ஆலை அங்கே மணலைப் பிரிக்கிறது. 2025 நவம்பரில் மத்திய அரசு காந்தத்தை இங்கேயே செய்ய 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. ஆக, இந்த மணலுக்கு இனி மவுசு கூடும்.

கடற்கரை ஊர்க்காரர்கள் மணல் எடுப்பை எதிர்ப்பதும் சும்மா இல்லை. கதிர்வீச்சு, கடலரிப்பு, மீன்பாடு என்று அவர்களுக்குப் பல தலைமுறைப் பயம் இருக்கிறது. புகையில்லாத கார் என்று பெருமையாகப் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டியிருக்கிறது.

இ20 பெட்ரோலால் என்ஜின் கெட்டுவிடுமா?

20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இன்று எல்லாப் பங்கிலும். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளின் குழாய், ரப்பர், சீல் எல்லாம் இதற்கு ஏற்றவை. அதற்கு முந்தைய வண்டிகளில் மைலேஜ் கொஞ்சம் குறையும். அதே அளவு பெட்ரோலை விட எத்தனாலில் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதனால் இதில் மர்மம் ஏதுமில்லை. பழைய வண்டியில் எரிபொருள் குழாயையும் ஃபில்டரையும் சர்வீஸின்போது பார்க்கச் சொல்லுங்கள், போதும்.

நான் கவலைப்படுவது வளைகுடாக்காரர்களின் வண்டியைப் பற்றி. லீவுக்கு வந்து ஒரு மாதம் ஓட்டிவிட்டு, மீதிப் பதினோரு மாதம் ஷெட்டில் மூடிப்போட்டு நிறுத்துகிறார்கள். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். இரண்டு மழைக்காலமும் பெய்கிற மாவட்டத்தில் ஈரத்துக்கு என்ன பஞ்சம்? அரைடேங்கில் விட்டால் மேலே காற்று இருக்கும், ஈரம் இறங்கும், நாளடைவில் தண்ணீரும் எத்தனாலும் அடியில் தனியாகத் தங்கும். டேங்கை நிரப்பி வைப்பது ஓரளவு உதவும். அதைவிட நல்லது, வாரம் ஒருமுறை மச்சானிடமோ அண்ணன் மகனிடமோ சாவியைக் கொடுத்துப் பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவரச் சொல்வது. நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் உறுமவிட்டு அணைப்பதால் பேட்டரியும் ஏறாது, டயரும் உருளாது. வாராவாரம் ஓட்டினால் எலி வயரைக் கடிப்பதும் குறையும்.

கேரளாவில் எடுத்தால் லாபமா?

வரி நீங்கள் வண்டியைப் பதிவு செய்யும் மாநிலத்துக்கு. திருவனந்தபுரத்து ஷோரூமில் வாங்கினாலும் நாகர்கோவில் டிஎன் 74-லோ மார்த்தாண்டம் டிஎன் 75-லோ பதிவு செய்தால் தமிழ்நாட்டு வரிதான். பாறசாலையில் உறவினர் முகவரி காட்டி கேஎல் 19 வாங்குவது பழைய தந்திரம். ஒரு வருஷத்துக்கு மேல் இங்கே ஓடினால் மறுபதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். செக்போஸ்ட்டில் பிடித்தால் அபராதத்தோடு வரியும் கட்ட வேண்டியிருக்கும். மின்சாரக் காரில் கணக்கே தலைகீழ்: 2025 ஏப்ரலில் கேரளம் அவற்றுக்கு வரியைக் கூட்டியது, நம் பக்கம் இல்லவே இல்லை.

பழைய கேஎல் வண்டி வாங்குவதாக இருந்தால் அங்குள்ள ஆர்டிஓவின் தடையின்மைச் சான்று கையில் வராமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். இங்கே கட்ட வேண்டிய வரியையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். பெட்ரோலுக்கு மட்டும் பாறசாலைக்காரர்கள் களியக்காவிளைக்கு வருகிறார்கள், நம் பக்கம் விலை குறைவு.

ஆட்டோமேட்டிக் எடுக்கலாமா?

மார்த்தாண்டம் சந்திப்பில் மாலை ஐந்து மணிக்கு ஒரு தரம் கிளட்ச் மிதித்தவர் இந்தக் கேள்வியையே கேட்க மாட்டார். எந்த ஆட்டோமேட்டிக் என்பதில்தான் விஷயம். மலிவானது ஏஎம்டி. சாதாரண கியர்பாக்ஸில் நம் காலுக்குப் பதிலாக ஒரு சின்னக் கருவி கிளட்ச்சை இயக்கும். சமதளத்தில் குறையில்லை. குலசேகரம், திற்பரப்பு, பேச்சிப்பாறை பக்கத்து ஏற்றங்களில், முன்னால் போன பஸ் நின்று நாமும் நிற்க வேண்டி வந்தால் ஒரு கணம் தயங்கும். ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கும் ஹில் ஹோல்ட் இல்லாத ஏஎம்டி எடுக்காதீர்கள். டெஸ்ட் டிரைவுக்குப் பைபாஸில் கூட்டிப்போவார்கள். உங்கள் வீட்டு ஏற்றத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள், குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு.

கடற்கரை வீடு. துருவுக்கு என்ன செய்ய?

குளச்சல், முட்டம், மணக்குடி பக்கம் இருப்பவர்களுக்கு இது பெயின்ட் கலரை விட முக்கியம். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் வண்டியின் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். உப்புத்தண்ணீர் கிணறு என்றால் வாட்டர் வாஷுக்குக் கொடுத்துவிடுங்கள். கதவின் கீழ்விளிம்பிலுள்ள சின்னத் துளைகள் அடைபடாமல் பாருங்கள், துரு தொடங்குவதே அங்கேதான். ஏசி கண்டென்சர் உப்புக் காற்றில் சீக்கிரம் அரிக்கும். அடிப்பூச்சு அடிப்பதானால் வண்டி புதிதாக இருக்கும்போதே அடிக்க வேண்டும். துருவின் மேல் அடித்தால் துருவுக்குப் போர்வை போர்த்தியது போலத்தான்.

காப்பீட்டில் என்ஜின் பாதுகாப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்குள் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. 2017 ஒக்கி புயலில் மரம் விழுந்து நசுங்கிய வண்டிகளைப் பார்த்தவர்கள் மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் போதும் என்று சொல்வதில்லை.

ஐந்து ஸ்டார் வாங்கினால் பயமில்லையா?

காரை மோதவிட்டுப் பார்த்துப் பாதுகாப்புக்கு ஸ்டார் கொடுக்கும் பாரத் என்கேப் சோதனை 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. முன்பக்க மோதல் 64 கிலோமீட்டர் வேகத்தில். ஒரு காலத்தில் பாதுகாப்பில் கேலி செய்யப்பட்ட மாருதியும் 2024 டிசையரில் ஐந்து ஸ்டார் வாங்கியது நல்ல மாற்றம். ஆனால் சோதனையில் உட்காரும் பொம்மைகள் எல்லாம் பெல்ட் போட்டிருக்கும். நாம் பின்சீட்டில் நாலு பேரும் மடியில் இரண்டு பிள்ளைகளுமாகப் போகிறோம். அதற்கு ஸ்டார் கிடையாது.

டீசல் இன்னும் வாங்கலாமா?

மாதம் இரண்டாயிரம் கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓடினால் வாங்கலாம். பள்ளிக்கூடம், சந்தை, ஆலயம் என்று குறுந்தூரம் ஓடினால் புகைக்குழாயிலுள்ள கரி வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அடிக்கடி ஒர்க்ஷாப்புக்குப் போக நேரிடும்.

டெஸ்லா?

2025 ஜூலையில் மும்பையில் கடை திறந்தது, மாடல் ஒய் சுமார் 60 லட்சம். அடுத்த கேள்வி.

டிசம்பரில் தள்ளுபடி அதிகமாமே?

உண்டு. ஜனவரியில் விலை கூடும் என்ற அறிவிப்பும் கூடவே வரும். ஆனால் டிசம்பரில் வாங்கிய வண்டிக்கு ஜனவரியிலேயே ஒரு வயசாகிவிடும், விற்கும்போது கேட்பவர் தயாரிப்பு வருஷத்தைத்தான் கேட்பார். ஏழெட்டு வருஷம் வைத்து ஓட்டுகிறவருக்கு அந்தத் தள்ளுபடி லாபம். பணம் கட்டுமுன் சேசிஸ் எண்ணையும் தயாரிப்பு மாதத்தையும் கேட்டு வாங்குங்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஒரு ஷோரூமில் எட்டு மாதம் யார்டில் வெயில் காய்ந்த வண்டியைப் பூமாலை போட்டுக் கொடுத்தார்கள். மாலை வாடுமுன் பேட்டரி இறங்கிவிட்டது.

மகள் கல்யாணத்துக்கு ஒரு கார் கொடுக்கணும். எது எடுக்க?

கார் கொடுப்பது பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, அதைச் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. கொடுத்தே தீருவது என்றால் பதிவு மகள் பெயரில் இருக்கட்டும். மகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த பிறகு, அவளையே டெஸ்ட் டிரைவ் ஓட்டச் சொல்லி அவள் சொல்வதை எடுங்கள்.

ஃபோர்டு திரும்பி வருகிறதாமே? என் ஈகோஸ்போர்ட்டை மாற்ற மனசில்லை.

2025 அக்டோபர் இறுதியில் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டார்கள். 3,250 கோடி ரூபாய், மறைமலைநகர் ஆலை, தயாரிப்பு 2029-ல். ஆனால் அங்கே செய்யப்போவது என்ஜின், கார் இல்லை. அதனால் ஷோரூம் திரும்பும் என்று காத்திருக்க வேண்டாம். வண்டி நன்றாக ஓடினால் விற்கவும் வேண்டாம், இப்போது கிடைக்கும் விலைக்கு அதுபோல ஒன்று வாங்க முடியாது. சஸ்பென்ஷன் புஷ், டைமிங் பெல்ட் மாதிரித் தேய்கிற பாகங்களை ஒரு செட் முன்கூட்டியே வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், கடல் காற்று படாத அலமாரியில்.